றெஜிக்காக வெறுமையாக விட்ட கட்டம்

அகஸ்ரீனா தேத்தண்ணியை விட்டது 1992ஆம் ஆண்டு. வேதம் மாறியதைக்கூடப் பலெர்மோத் தமிழ்ச்சனம் ஒரு மாதிரிச் சகித்துக்கொண்டது. தேத்தண்ணி விசயத்தைத்தான் தாங்க முடியவில்லை. வீடு தேடி வந்தவர்களுக்கு வறுத்த பார்லித் தூளைச் சுடுதண்ணியில் கரைத்துக் கொடுத்து, இதுவும் கோப்பி மாதிரித்தான் என்று ஒரு மனுசி சொன்னால் எவருக்குத்தான் பத்திக்கொண்டு வராது. மன்னார் பேசாலையில் பிறந்து, நாளுக்கு ஆறேழு தரம் சாயம் கூடின தேத்தண்ணி குடித்து வளர்ந்தவள், ஐம்பத்திரண்டு வயதில் ஒரே நாளில் அதை நிறுத்தினாள். மோர்மன் சபையில் தேத்தண்ணியும் கோப்பியும் விலக்கு. விலக்கு என்றால் அவளுக்கு விலக்குத்தான், அரைகுறை வேலை பிடிக்காது.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் அனிற்றா, இளையவன் றெஜி. கணவர் இராயப்பு 1984இல் கடலோடு போனார். மூன்றாம் நாள் உடல் கரையொதுங்கியது. கட்டிப்பிடித்து அழுதாள், குழிக்குள் ஒரு பிடி மண் போட்டாள், முப்பத்தோராம் நாள் பூசை ஒப்புக்கொடுத்தாள். அந்தத் துக்கத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. றெஜியின் விசயத்தில் அப்படி ஒன்றுமில்லை. 1990இல் சண்டை திரும்பவும் மூண்டபோது, இருபத்திரண்டு வயதுப் பொடியன், அக்கரை போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு செப்டெம்பர் மாதத்தில் இராமேசுவரம் பக்கம் போகிற வள்ளத்தில் ஏறினான். கடிதம் வரவில்லை. ஐந்து மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பலெர்மோவில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த மகள் அனுப்பிய கடதாசிகளோடு அகஸ்ரீனா இத்தாலிக்கு வந்து சேர்ந்தாள். வந்த அன்றே பேசாலையில் இருக்கிறவர்களுக்கு மகளின் விலாசத்தை எழுதி அனுப்பினாள். றெஜி தேடி வந்தால் கொடுக்க வேண்டுமே.

அன்று தொட்டு அந்த வீட்டுக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட அவள் விட்டதில்லை. பல்லரோச் சந்தைக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. களவு மலிந்த தெரு. மருமகன் பீலிக்ஸ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். வீட்டில் ஆள் அயர்ந்து தூங்கும் நேரத்தில் பொடியன் வந்து தட்டினால் என்ன செய்வது என்பது அவள் கேள்வி. பீலிக்ஸ் மனைவியின் முகத்தைப் பார்ப்பான், மனைவி சுவரைப் பார்ப்பாள். பிறகு இரண்டு பேரும் படுத்துவிடுவார்கள்.

மோர்மன்காரரை அவள் சந்தித்தது சந்தையில். மீனும் கத்தரிக்காயும் வாங்கிய பை அறுந்து தெருவில் கொட்டுண்டபோது, வெள்ளைச் சேட்டும் கறுப்புப் பெயர்த் தகடுமாக இரண்டு அமெரிக்கப் பொடியன்கள் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். இருபது வயதுகூட இராது, தகட்டில் மட்டும் 'மூப்பர்' என்று இத்தாலியனில் பட்டம். வெயிலில் வந்த பிள்ளைகள் என்று வீட்டுக்குக் கூட்டிவந்து தேத்தண்ணி போட்டாள். குடிக்க மாட்டோம் என்றார்கள். தண்ணீர் குடித்தார்கள். குடித்துவிட்டு, உங்கள் குடும்பத்தில் யார் யார் என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்குத்தான் அவள் விழுந்தாள். அவள் பலெர்மோவுக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. ஊர்ச்சனம் அத்தனையும் அங்கேதான், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முட்டிமோதும் சனம். ஆனால் ஒருவரும் அவளிடம் றெஜியைப் பற்றிக் கேட்பதில்லை. அவளாகத் தொடங்கினாலும் கதையை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். இந்த வெள்ளைக்காரப் பொடியன்கள் படத்தை வாங்கிப் பார்த்தார்கள். றெஜி என்று பெயரைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். குடும்பங்கள் மரணத்துக்குப் பிறகும் பிரிவதில்லை என்று அவர்கள் சொன்னதை மொழிபெயர்த்தவள் அனிற்றா. மரணம் என்ற சொல்லை அவள் தாயின் முகத்தைப் பாராமல் சொன்னாள். அகஸ்ரீனாவுக்கு மரணத்துக்குப் பிறகு நடக்கிறதைப் பற்றி அப்போது கவலை இல்லை. பொடியன்கள் இரண்டு பேரும் சீமெந்துத் தரையில் முழங்காலில் நின்று, றெஜியைப் பெயர் சொல்லி மன்றாடினார்கள். அது போதுமாயிருந்தது.

அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது ஸ்ஃபெர்ராகவால்லோக் கடலில். கணவனைக் கொண்டுபோன கடலுக்குள் வெள்ளை உடுப்போடு தலை முழுக இறங்க அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. கரையில் மீன் சாப்பாட்டுக் கடையொன்றின் பின்வாசலில், கோப்பை கழுவுகிற ஏப்ரனோடு தவராசா நின்றதை அவள் கண்டாள். பேசாலைப் பொடியன், றெஜியோடு பள்ளிக்கூடம் போனவன். அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டான். மாதாவை விட்டுப் போனவளை அவன் கண்ணெடுத்தும் பார்க்க விரும்பவில்லை என்று அவள் விளங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அவள் அப்படியே விளங்கிக்கொண்டாள். தவராசா அவளைக் கண்டால் பல்லரோவில் அடுத்த ஒழுங்கையால் விலகிப் போனான். கலியாண வீடுகளில் அவள் நுழைந்தால் கதை நின்றது. ஒருகாலத்தில் அவளோடு ஒரே பாயில் இருந்து வலை பொத்திய புனிதமலர்கூட, இரண்டு நிமிடத்துக்கு மேல் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. சத்தியத்துக்காகப் பகைக்கப்படுகிறேன் என்று அகஸ்ரீனா இதையெல்லாம் பெருமையோடு தாங்கினாள். சபையில் சாட்சி சொல்லும் நாளில், தட்டுத்தடுமாறி இத்தாலியனில், என் சனம் என்னை ஒதுக்கிவிட்டது, நான் சந்தோசமாக இருக்கிறேன் என்று சொல்லுவாள். இத்தாலியச் சகோதரிகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு சபையில் ஒருசந்தி. இரண்டு நேரச் சாப்பாட்டை விட வேண்டும், ஒரு நோக்கம் வைத்து மன்றாட வேண்டும். அவளுடைய நோக்கம் ஒன்றுதான்: றெஜி வந்து சேர வேண்டும். சீனி வருத்தக்காரி, வைத்தியர் கூடாது என்றுதான் சொன்னார். சாப்பிடாமல் நின்று இரண்டு முறை படிக்கட்டில் மயங்கியும் விழுந்திருக்கிறாள். நாலரை வருடத்தில் ஐம்பது முதல் ஞாயிறுகளுக்கு மேல் வந்துபோயின. அவள் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

இப்படியிருக்க, 1996 நவம்பர் நடுப்பகுதியில் சபையிலிருந்து ஒரு பஸ் சுவிஸுக்குப் புறப்படுவதாக இருந்தது. பேர்ண் நகருக்குப் பக்கத்தில் அவர்களுடைய ஆலயம். அங்கேதான் கணவனையும் மனைவியையும் பிள்ளைகளையும் நித்தியத்துக்கும் ஒன்றாக முத்திரிப்பார்கள். இறந்தவர்களின் இடத்தில் உயிரோடிருப்பவர் ஒருவர் நின்று கொடுக்கலாம். இராயப்புவுக்கு அப்படி ஓர் இத்தாலியச் சகோதரர் நிற்பதாக ஏற்பாடு. விசா கிடைத்துவிட்டது. வெள்ளை உடுப்பை அவளே கையால் தைத்து மடித்து வைத்திருந்தாள். மிச்சம் இருந்தது குடும்பப் படிவம் ஒன்றுதான்.

அந்தப் படிவம் அவளிடம் ஒரு வருடமாகக் கிடந்தது. பிறந்த தேதிக்கு ஒரு கட்டம், இறந்த தேதிக்கு ஒரு கட்டம். சபைச் செயலாளர் நல்ல மனுசன், பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினார். இறந்தவன் என்றால் இப்போதே தாயோடு முத்திரிக்கலாம். உயிரோடிருப்பவன் என்றால் அவனே வந்து முதலில் சபையில் சேர வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டம் இல்லை, சகோதரி. ஆறு வருடமாகிறது, யோசித்துப் பாருங்கள். அகஸ்ரீனா அவருக்கு முகத்துக்கு நேரே சொன்னாள், செத்தவர்களின் பக்கத்தில் எழுதுவதற்கு நான் அவனைப் பெறவில்லை என்று. சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாள். எழுதினால் பிள்ளை அவளுக்கு என்றைக்கும் கிடைப்பான், ஆனால் அவள் கையாலேயே அவனைக் கொன்றதாகிவிடும். எழுதாவிட்டால் தாயும் தகப்பனும் உள்ளே நிற்க அவன் வெளியே நிற்பான். இரண்டில் எதுவும் அவளால் தாங்கக்கூடியதாக இல்லை.

ஒக்டோபர் கடைசித் திங்கட்கிழமை மாலை. திங்கள் என்றால் சபைக்காரர் வீட்டில் குடும்பமாக இருந்து ஒரு பாட்டுப் பாடி மன்றாட வேண்டும். மகளும் மருமகனும் கத்தோலிக்கர்தான், ஆனாலும் அம்மாவின் மனதுக்காக அனிற்றா கூட இருப்பாள். பீலிக்ஸ் அன்று வேலையில். ஏழு வயதுப் பேத்தி அமலினி மேசையில் படத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். பாட்டு முடிய அகஸ்ரீனா படிவத்தை எடுத்து மகளின் முன்னால் வைத்தாள். பலெர்மோவில் பாதித் தமிழருக்குக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்கு விசாக் கடதாசி நிரப்புகிறவள் அனிற்றாதான். தகப்பன் பெயர், தாய் பெயர், இராயப்பு பிறந்தது இறந்தது எல்லாம் மளமளவென்று எழுதினாள். றெஜியின் பெயரையும் பிறந்த நாளையும் எழுதினாள். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"அதை வெறுமையா விடு," என்றாள் அகஸ்ரீனா. "அவன் உயிரோடை இருக்கிறான். வந்து தானே நிரப்பட்டும்."

அமலினி தலை நிமிராமலே சொன்னாள்: "இல்லை அம்மம்மா, றெஜி மாமா மொர்த்தோ. அவர்தானே எனக்குச் சீனிப்பொம்மை கொண்டு வாறவர்."

மொர்த்தோ என்றால் செத்தவர். அந்த ஊரில் அப்படியொரு வழக்கம். நவம்பர் இரண்டாம் தேதி, ஆத்துமாக்களின் திருநாளுக்கு விடிய, வீட்டில் இறந்துபோனவர்கள் வந்து குழந்தைகளுக்கு இனிப்பும் சீனியில் செய்த வர்ணப் பொம்மையும் வைத்துவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேட்பார்கள், உனக்கு யார் கொண்டுவந்தது என்று. பாட்டன், பெரியதாய், யாரோ ஒரு செத்த ஆளின் பெயரைச் சொல்லியாக வேண்டும். அமலினிக்கு வருடா வருடம் பொம்மை வருவதை அகஸ்ரீனாவும் கண்டிருக்கிறாள். இத்தாலியர் பழக்கம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். யார் பெயரில் வருகிறது என்று கேட்க அவளுக்குத் தோன்றியதில்லை.

அவள் சிரித்தாள். அது மாமா இல்லைப் பிள்ளை, அம்மப்பா என்று திருத்தினாள். அமலினி ஒத்துக்கொள்ளவில்லை. அம்மப்பா கொண்டுவருவது பிஸ்கற், பொம்மை மாமாதான், அம்மா சொன்னவ என்று அடித்துச் சொன்னாள். குழந்தையின் பேச்சைக் கேட்டாயா என்று சொல்ல அகஸ்ரீனா சிரிப்போடு மகளின் பக்கம் திரும்பினாள். அனிற்றாவின் முகத்தில் இரத்தம் இல்லை.

"எப்ப?" என்று கேட்டாள் அகஸ்ரீனா. தன் குரல்தானா அது என்று அவளுக்கே தெரியவில்லை.

அனிற்றா பேனாவை எடுத்து அந்தக் கட்டத்துக்குள் எழுதினாள். அகஸ்ரீனாவுக்கு இத்தாலியன் வாசிக்கத் தெரியாது. இலக்கம் வாசிக்கத் தெரியும். பன்னிரண்டு, ஒன்பது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு.

பன்னிரண்டாம் தேதி செப்டெம்பர். ஊரே நாலாம் தேதி நகரத்துப் பாதுகாவலி சாந்தா ரொசாலியாவின் மலைக்கு ஏறும்போது, அனிற்றா மட்டும் ஒரு கிழமை பிந்தி, வருடம் தவறாமல் பன்னிரண்டாம் தேதி மெழுகுதிரியோடு தனியாக ஏறுவாள். வேலைவீட்டுச் சிஞ்ஞோரா லீவு தரவில்லை என்று காரணம் சொல்லுவாள். கல்லுக்கு மெழுகுதிரி கொளுத்தக் கால் நோக மலை ஏறுகிறாயே என்று அகஸ்ரீனா ஒவ்வொரு வருடமும் திட்டியிருக்கிறாள்.

யார் சொன்னது என்று கேட்டாள். தவராசா. அவனும் அந்த வள்ளத்தில் வந்தவன்தான், தொண்ணூற்றொன்று மார்கழியில் பலெர்மோவுக்கு வந்த கையோடு சொன்னான்.

"அப்ப நீங்கள் சீனி கூடி ஆசுப்பத்திரியிலை கிடந்து வந்த புதுசு அம்மா. கொஞ்சம் தேறட்டும் எண்டு நினைச்சன். சனத்தையும் வாய் திறக்க வேண்டாம் எண்டு கெஞ்சினனான்," என்றாள் அனிற்றா. "பிறகு நீங்கள் அவனுக்காண்டி ஒருசந்தி பிடிக்கத் தொடங்கிட்டியள். எந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லுறது, சொல்லுங்கோ."

அகஸ்ரீனா எழுந்து போய்க் கதவுக்கு உள்தாழ்ப்பாளைப் போட்டாள். ஐந்து வருடம் அசையாமல் கிடந்து துருப்பிடித்த தாழ்ப்பாள், இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. பிறகு வந்து கட்டிலில் சரிந்தாள். வேலையால் வந்த பீலிக்ஸ் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டினான்.

அடுத்த நாள் காலை பஸ் பிடித்து ஸ்ஃபெர்ராகவால்லோ போனாள். கடையின் பின்வாசலில் தவராசா கணவாய் துப்புரவாக்கிக்கொண்டிருந்தான். இம்முறை ஓடுவதற்கு அவனுக்கு வழியில்லை.

"சொல்லு தம்பி," என்றாள்.

அவன் கையைக் கழுவிவிட்டு வந்து எதிரில் நின்றான். "மணல் தீடைக்குக் கிட்ட வள்ளம் கவிண்டது மாமி. நானும் அவனும் ஒரு பிளாஸ்ரிக் கானைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தனாங்கள். விடியேக்கை அவன் கையை விட்டிட்டான்."

"நீ பிடிக்கேல்லையோ?"

"பிடிச்சனான் மாமி."

அவள் அவன் கைகளைப் பார்த்தாள். கணவாய் மை நகத்தில் கறுத்துக் கிடந்தது. "ஏதும் சொன்னவனோ?"

"குளிருது எண்டான்."

அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை. அம்மா என்றோ ஆண்டவரே என்றோ அவன் சொன்னதாகத் தவராசா ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம், அந்தப் பொடியனுக்குப் பொய் சொல்லவும் வரவில்லை. நான் வேதம் மாறியதற்காகத்தான் ஒளித்துத் திரிகிறாய் என்று நினைத்தேன் என்றாள் அகஸ்ரீனா.

"உங்கடை வேதம் என்னெண்டே எனக்குத் தெரியாது மாமி," என்றான் தவராசா. "உங்கடை முகம் அவன்ரை முகம். அதுதான்."

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் தேவனோடு சண்டை பிடித்தாள். வாய்விட்டே பிடித்தாள், பக்கத்தில் இருந்த கிழவி இடம் மாறி இருந்தாள். ஐம்பது ஞாயிறு பட்டினி கிடந்து கேட்டேனே. முதல் ஞாயிறு கேட்கும்போதே முடிந்துபோன காரியமென்று உனக்குத் தெரியும். ஊருக்கே தெரிந்ததை நீயுமா ஒளித்தாய். என் வயிற்றைக் காயவிட்டு வேடிக்கையா பார்த்தாய். பதில் வரும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் தேவனை விட்டுவிட்டால் போக வேறு இடமும் அவளுக்கு இல்லை. வியாழக்கிழமை படிவத்தைச் செயலாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் பார்த்து, எல்லாம் பூர்த்தி என்று முகம் மலர்ந்து கைகொடுத்தார். அந்த நிமிடம் அந்த நல்ல மனுசனை அவள் வெறுத்தாள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாள்: "சனத்துக்குச் சொல்லு. நாளைக்கு இஞ்சை செத்தவீடு எண்டு சொல்லு."

வெள்ளிக்கிழமை நவம்பர் முதலாம் தேதி, சகல புனிதர்களின் திருநாள், சனத்துக்கு வேலையில்லை. அகஸ்ரீனா காலையிலேயே சந்தைக் கடைக்குப் போய்த் தேயிலைப் பெட்டி வாங்கிவந்தாள். நாலு வருடமாக அந்தக் குசினிக்குள் நுழையாத சாமான். பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்தாள். றெஜியின் படத்துக்கு முன்னால் அனிற்றா மெழுகுதிரி கொளுத்தினாள், அவள் தடுக்கவில்லை. சனம் வந்தது. ஒன்றிரண்டாய்த் தொடங்கிப் படிக்கட்டு நிறைய வந்தது. தாங்களும் சேர்ந்து ஒளித்துவைத்த சாவுக்கு ஆறு வருடம் பிந்தி அழுதது. வாய் தவறிச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில்தான் விலகி விலகி இருந்தேன் என்று புனிதமலர் அவள் மடியில் விழுந்து ஒப்பாரி வைத்தாள். அகஸ்ரீனா அவளைத் தூக்கி நிறுத்தி, கையில் தேத்தண்ணியைக் கொடுத்தாள். செத்தவீட்டில் வந்தவர்களைத் தேத்தண்ணி இல்லாமல் அனுப்பக்கூடாது. தனக்கு மட்டும் ஒரு கோப்பையில் வெறும் சுடுதண்ணீர் வைத்திருந்தாள். பகைக்கப்படவில்லை என்பதுதான் அவளை இப்போது கொன்றது. சனம் பகைத்திருந்தால் எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்.

பின்நேரம் சனம் கலைந்ததும் சால்வையைப் போர்த்திக்கொண்டு தெருவில் இறங்கினாள். திருநாளுக்கென்று போட்ட கடைகளில் சீனிப்பொம்மைகள் வரிசையாக நின்றன. வாள் பிடித்த வீரர்கள், ஆடுகிற பெண்கள், சிவப்புக் குதிரையில் ஒரு ராசா. கடைக்காரி இரண்டு தரம் கேட்டதும் அகஸ்ரீனாவின் காதில் விழவில்லை. கண்ணாலும் காணாத அக்கா மகளுக்கு ஓர் இருபத்திரண்டு வயதுப் பொடியன் எதை வாங்குவான் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். றெஜிக்குப் பகட்டான நிறம்தான் பிடிக்கும். குதிரையில் இருந்த ராசாவைக் காட்டினாள்.

அனிற்றா அந்த வருடம் பொம்மை வாங்கவில்லை. வாங்கப் பயம். சனிக்கிழமை விடிய, அமலினியின் தலைமாட்டில் சிவப்புக் குதிரை நின்றது. பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு அதைத் தூக்கி, குதிரையின் வாலை நக்கிப் பார்த்தது. பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோல வாசல் பக்கம் பார்த்தது. அந்தக் கிழமை முழுக்க அம்மம்மா இழுத்து மூடுவதை அது கவனித்திருந்தது.

"அம்மம்மா, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டல்லோ கிடந்தது. மாமா எப்பிடி உள்ளை வந்தவர்?"

அகஸ்ரீனா கட்டில் ஓரத்தில் இருந்து பிள்ளையின் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள்.

"நான்தான் எழும்பித் திறந்து விட்டனான்," என்றாள்.